ஏழு மாதக் கெடு: நியூயார்க்கில் நிலப் பயன்பாடு மாறும் வழி

ஒருவருக்குச் சொந்தமான நகர மனையில் வீடு வரலாமா, கடை வரலாமா, தொழிற்கூடம் வரலாமா, வருவது எவ்வளவு உயரத்துக்கு எழலாம் என்பதையெல்லாம் அந்த உரிமையாளர் மட்டுமே தீர்மானித்துவிட முடிவதில்லை. அக்கம்பக்கத்தில் வாழ்கிறவர்களின் வெளிச்சம், தெரு நெரிசல், பள்ளியில் கிடைக்கும் இடம், கொடுக்க வேண்டிய வாடகை ஆகிய அனைத்தும் அந்த முடிவோடு பிணைந்திருப்பதால், நவீன நகரங்கள் அந்த உரிமையின் ஒரு பகுதியைச் சட்டத்தின் வழியாகத் தம் கையில் எடுத்துக்கொண்டன. அவ்வாறு எடுத்துக்கொண்ட அதிகாரத்தை யார், எந்த வரிசையில், எத்தனை நாளுக்குள் செலுத்த வேண்டும் என்பதை நியூயார்க் நகரம், தன் நிர்வாகத்துக்கு அடிப்படைச் சட்டமாக விளங்கும் நகர சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. 1975இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட சாசனத் திருத்தத்தில் பிறந்து, ‘சீர்மை நிலப் பயன்பாட்டுப் பரிசீலனை நடைமுறை’ என்ற நீண்ட பெயரைத் தாங்கி, நகரத்தாரின் பேச்சுவழக்கில் ‘யுலர்ப்’ என்று சுருங்கிப்போன அந்த ஏற்பாட்டின் நடுவில் நகரத் திட்ட ஆணையம் அமர்ந்திருக்கிறது. இந்த நடைமுறையின் பலம் அது அதிகாரிகளுக்கே விதிக்கும் கெடுவில் உள்ளது. அதன் குறையோ, கெடு தொடங்குவதற்கு முன்பும் அது முடியும் தறுவாயிலும் பதிவேட்டுக்கு வெளியே நடக்கும் பேரங்களில் உள்ளது.

அதிகாரம் பிறந்த கதை பிராட்வே தெருவின் 120ஆம் எண்ணில் தொடங்குகிறது. 1915இல் அங்கே கட்டி முடிக்கப்பட்ட ஈக்விட்டபிள் கட்டிடம், ஏறத்தாழ ஓர் ஏக்கர் மனையின்மேல் 12 லட்சம் சதுர அடி அலுவலகப் பரப்பைத் தெருவோரத்திலிருந்து சற்றும் உள்வாங்காமல் நேராக மேலே தூக்கி நிறுத்தி, சுற்றியிருந்த கட்டிடங்களின் வெயிலை மறைத்தது. அதே காலத்தில் ஐந்தாம் அவென்யூவின் பெருங்கடை உரிமையாளர்கள், ஆடைத் தொழிற்கூடங்களும் அவற்றின் தொழிலாளர்களும் தங்கள் தெருவை நெருங்கி வருவதைத் தடுக்க வேண்டுமென்று நகர ஆட்சியை நெருக்கினர். வெளிச்சத்தைக் காக்க நினைத்த நியாயமான கவலையும், உழைப்பாளிகளைத் தள்ளி வைக்க நினைத்த கவலையும் சேர்ந்து 1916ஆம் ஆண்டின் மண்டல விதித்தொகுப்பை உருவாக்கின. அமெரிக்காவில் ஒரு பெருநகரம் முழுவதற்குமாக எழுதப்பட்ட முதல் தொகுப்பு அது. இந்த இரட்டைப் பிறப்பை மறந்துவிட்டு நில வகைப்பாட்டைப் பற்றிப் பேச முடியாது, ஏனெனில் இன்றும் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று உயரத்தை எதிர்ப்பவர் வெயிலுக்காகப் பேசுகிறாரா, புதிதாக வரப்போகும் ஏழைக் குடும்பங்களைத் தடுக்கப் பேசுகிறாரா என்பது எளிதில் பிரித்தறிய முடியாததாகவே இருக்கிறது. நகரத் திட்ட ஆணையத்தின் கூட்ட அறை இப்போது அதே 120 பிராட்வேயின் கீழ்த்தளத்தில் அமைந்திருக்கிறது.

ஆணையம் 1936ஆம் ஆண்டின் சாசனத்தால் உருவாக்கப்பட்டு 1938இல் செயல்படத் தொடங்கியது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆட்சியின் பொருளாதார அறிஞர்களில் ஒருவரான ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல் அதன் தொடக்க காலத் தலைவர். நகரம் முழுவதற்கும் ஒரு பெருந்திட்டம் தீட்ட அவர் செய்த முயற்சியை முறியடித்ததில் முன்னின்ற நகர அதிகாரி ராபர்ட் மோசஸ், பின்னர் 1942 முதல் 1960 வரை அதே ஆணையத்தின் உறுப்பினராக இருந்தார். நெடுஞ்சாலைகளுக்காகவும் குடிசைகளை அகற்றும் திட்டங்களுக்காகவும் மோசஸ் பல்லாயிரம் குடும்பங்களை இடம்பெயர்த்த காலத்தில், பாதிக்கப்பட்டவர்களின் பேச்சைக் கேட்டாக வேண்டிய சட்டக் கடமை எவருக்கும் பெரிதாக இருக்கவில்லை. மன்ஹாட்டன் பரோவின் தலைவராக இருந்த ராபர்ட் வாக்னர் 1951இல் தம் பகுதியில் வட்டாரத் திட்டக் குழுக்களை ஏற்படுத்தியதும், 1963இன் சாசனம் அவற்றை நகரம் முழுவதற்கும் விரித்ததும், 1975இன் திருத்தம் அவற்றுக்கு நிலப் பயன்பாட்டில் முதலில் கருத்துச் சொல்லும் உரிமையைக் கொடுத்ததும் அந்தக் கசப்பின் விளைவுகளே. பரோ என்பது நியூயார்க்கின் ஐந்து பெரும் பிரிவுகளில் ஒன்றைக் குறிக்கும் சொல்: மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் தீவு. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தலைவர் உண்டு.

எந்தக் கோரிக்கை ஆணையத்துக்கு வருகிறது, எது வருவதில்லை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நகரத்தின் ஒவ்வொரு மனையும் குடியிருப்பைக் குறிக்கும் ‘ஆர்’, வணிகத்தைக் குறிக்கும் ‘சி’, உற்பத்தித் தொழிலைக் குறிக்கும் ‘எம்’ என்ற மூன்று பெரும் வகைகளில் ஒன்றில், எண்ணிட்ட உட்பிரிவோடு, வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. 1961இல் முற்றிலும் திருத்தி எழுதப்பட்ட விதித்தொகுப்பு, ஒவ்வோர் உட்பிரிவுக்கும் ஒரு தளப்பரப்புக் குறியீட்டை நிர்ணயிக்கிறது. தமிழ்நாட்டுக் கட்டுமானத் துறையில் எஃப்.எஸ்.ஐ. என்று வழங்கும் அதே கணக்குத்தான் அது. 10,000 சதுர அடி மனைக்குக் குறியீடு 10 என்றால் மொத்தம் 1,00,000 சதுர அடி கட்டலாம்; மனை முழுவதையும் அடைத்துப் பத்து மாடியாகவோ, பாதி மனையில் இருபது மாடியாகவோ அதை எழுப்பலாம். இந்த வரம்புக்குள் கட்ட விரும்புகிறவர் எந்த ஆணையத்தின் முன்பும் நிற்க வேண்டியதில்லை. கட்டிடத் துறை வரைபடங்களைச் சரிபார்த்து அனுமதி கொடுத்துவிடும். இதை ‘உரிமைப்படி கட்டுதல்’ என்பார்கள். நகரின் கட்டுமானத்தில் பெரும்பகுதி இவ்வகைதான். மனையின் வடிவம் முதலிய தனித்த இடர்ப்பாட்டால் விதியைக் கடைப்பிடிக்க இயலாதவர் கேட்கும் விலக்குகூட வேறோர் அமைப்பான தரநிலை மற்றும் மேல்முறையீட்டு வாரியத்துக்கே செல்கிறது. ஆணையத்துக்கு வருவது விதியையே மாற்றக் கோரும் விண்ணப்பம்: வரைபடத்தில் ‘எம்’ என்றிருப்பதை ‘ஆர்’ ஆக்குதல், சிறப்பு அனுமதி, தெருவை வரைபடத்திலிருந்து நீக்குதல், நகருக்குச் சொந்தமான நிலத்தை விற்றல், குப்பை மாற்று நிலையம் போன்ற பொது வசதிக்கு இடம் தேர்தல் ஆகியவை.

வகை மாறும்போது கைமாறும் மதிப்பு மிகப் பெரியது. ஆற்றோரத்தில் பழைய கிடங்கு நிற்கும் மனை, குடியிருப்புக் கோபுரத்துக்கு உரியதாக வரைபடத்தில் மாறிய மறுநாள், ஒரு செங்கல்லும் வைக்காமலே பன்மடங்கு விலை பெறுகிறது; அந்த மதிப்பைப் படைத்தது உரிமையாளரின் உழைப்பன்று, நகரத்தின் முடிவு. எனவே நிலப் பயன்பாட்டு விண்ணப்பத்தைக் கட்டிடக் கலை பற்றிய வினாவாக மட்டும் கருதுவது போதாது. பொதுச் செல்வம் ஒன்றைத் தனியாருக்குக் கொடுப்பதா, கொடுத்தால் பதிலுக்கு எதைக் கேட்பது என்ற வினாவும் அதற்குள் அடங்கியிருக்கிறது. நகரம் இதை ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக 2016இல் ‘கட்டாய உள்ளடக்க வீட்டு வசதி’ விதி வந்தது. அதன்படி வகைமாற்றத்தால் கூடுதல் வீடுகள் கட்டும் உரிமை பெறுகிறவர், குடியிருப்புப் பரப்பில் 20 முதல் 30 விழுக்காடு வரையிலான பகுதியை வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்குக் குறைந்த வாடகையில் நிலையாக ஒதுக்க வேண்டும்.

கெடுவுக்கு முன்னும் பின்னும்

விண்ணப்பம் நகரத் திட்டத் துறையிடம் கொடுக்கப்படுகிறது. ஆணையத்தின் தலைவரே இத்துறையின் இயக்குநராகவும் இருப்பதால், பரிசீலிக்கும் அமைப்பும் விண்ணப்பத்தைச் செப்பனிடும் அமைப்பும் ஒரே தலைமையின்கீழ் இயங்குகின்றன. நிழல், போக்குவரத்து, பள்ளி இடங்கள், இடப்பெயர்வு முதலியவற்றைக் கணிக்கும் சுற்றுச்சூழல் ஆய்வும், 2022 முதல் குறிப்பிட்ட பெரிய திட்டங்களுக்கு இனவாரியான சமத்துவ அறிக்கையும் தேவைப்படுகின்றன. ஆவணங்கள் முழுமையடைந்தன என்று துறை ஏற்புச் சான்று வழங்கும் நாள்வரை சாசனத்தின் நாட்கணக்கு ஓடத் தொடங்குவதில்லை. அந்த நாள் வருவதற்குள் பெரிய திட்டங்களில் ஆண்டுகள் கழிவதுண்டு. உயரம் எவ்வளவு, எந்த மனைகளைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற உண்மையான முடிவுகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில், துறையின் அலுவலர்களுக்கும் விண்ணப்பதாரரின் வழக்கறிஞர்களுக்கும் இடையில், நிறைவேறிவிடுகின்றன. ஆணையத்தின் முன் வந்த பிறகு ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது மிக அரிது என்பதன் காரணமும் இதுவே: தோற்கக்கூடியவை பொதுவாகச் சான்று பெறும் கட்டத்தையே எட்டுவதில்லை.

சான்று கிடைத்ததும் விண்ணப்பம் சம்பந்தப்பட்ட சமூக வாரியத்துக்கு, அதாவது பழைய வட்டாரத் திட்டக் குழுக்களின் இன்றைய வடிவத்துக்கு, செல்கிறது. நகரில் 59 சமூக வாரியங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 50 பேர் வரை ஊதியமின்றிப் பணியாற்றுகிறார்கள். இவர்களைப் பரோ தலைவர் நியமிக்கிறார், அவர்களில் பாதிப்பேர் நகர மன்ற உறுப்பினர்களின் பரிந்துரையிலிருந்து வருகிறார்கள். வாரியத்துக்குக் கிடைப்பது 60 நாள். அதற்குள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தி, வாக்கெடுத்து, பரிந்துரையை எழுதி அனுப்ப வேண்டும். பகலில் வேறு வேலை பார்க்கும் இந்த மனிதர்கள், நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீளும் சுற்றுச்சூழல் அறிக்கையை மாலை நேரங்களில் படித்து, தேர்ந்த வல்லுநர் படையோடு வரும் விண்ணப்பதாரரை எதிர்கொள்கிறார்கள். இது நகர ஆட்சி இலவசமாகப் பெற்றுக்கொள்ளும் பெரும் உழைப்பு. அதற்கு ஈடாக அவர்களுக்கு நகரம் தரும் வல்லுநர் உதவி மிகக் குறைவு. அவர்களின் பரிந்துரை எவரையும் கட்டுப்படுத்துவதும் இல்லை.

அடுத்த 30 நாள் பரோ தலைவருக்கு உரியது. அவருடைய கருத்தும் பரிந்துரையே. பிறகுதான் விண்ணப்பம் ஆணையத்தின் மேசைக்கு வருகிறது, ஆணையத்துக்கு 60 நாள்.

ஆணையத்தில் 13 பேர். தலைவரையும் வேறு ஆறு பேரையும் மேயர் நியமிக்கிறார். ஐந்து பரோ தலைவர்கள் ஆளுக்கு ஒருவரையும், நகர ஆட்சியின்மீது குடிமக்களின் புகார்களைக் கேட்கும் பொது வழக்குரைஞர் ஒருவரையும் நியமிக்கிறார்கள். மேயரால் நியமிக்கப்பட்டவர்கள் ஏழு பேர் என்பதே பெரும்பான்மை ஆகிவிடுவதால், மேயரின் கொள்கைக்கு நேர்மாறான முடிவை ஆணையத்திடம் எதிர்பார்ப்பது கடினம். ஆயினும் தலைவர் நீங்கலான உறுப்பினர்களுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் உறுதி செய்யப்பட்டிருப்பதும், அந்தக் காலங்கள் ஒரே நேரத்தில் முடியாதபடி அடுக்கப்பட்டிருப்பதும், கேள்வி கேட்கவும் மாற்றி வாக்களிக்கவும் அவர்களுக்கு ஓரளவு இடம் தருகின்றன. நகரம் முழுவதும் வீடு கட்டும் விதிகளைத் தளர்த்திய ‘சிட்டி ஆஃப் யெஸ்’ என்ற விதித் திருத்தம், அப்போதைய மேயரின் முதன்மைத் திட்டமாக இருந்தும், 2024 செப்டம்பரில் ஆணையத்தில் 10க்கு 3 என்ற வாக்கில் நிறைவேறியது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். வாடகை ஏறிவிடும் என்று அஞ்சும் மூதாட்டியும், கட்டுமான வேலையை எதிர்நோக்கும் தொழிற்சங்கத்தாரும், நிழல் விழும் பூங்காவுக்காகப் பேசுகிறவரும் ஒரே ஒலிவாங்கியின் முன் வந்து போகிறார்கள். பின்னர் ஆணையம் வெளியிடும் எழுத்து அறிக்கை விண்ணப்பத்தையும் வந்த கருத்துகளையும் தொகுத்து, ஆணையம் ஏன் இந்த முடிவுக்கு வந்தது என்பதை விளக்குகிறது. மாற்றி வாக்களித்தவர்களின் பெயரும் அதில் பதிவாகிறது. இத்தகைய காரணம் கூறும் கடமை எளிதாகக் கடந்து போகத்தக்கதன்று. எனினும் இந்த அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு வாசகம் உண்டு: வட்டாரம் கேட்கும் பள்ளி, பேருந்து வசதி, வாடகைதாரருக்கு வழக்கு உதவி, உள்ளூர் ஆட்களுக்கு வேலை முதலியவை ‘இந்த விண்ணப்பத்தின் வரம்புக்கு அப்பாற்பட்டவை’ என்பது. சட்டப்படி அது சரியே, ஏனெனில் ஆணையம் நிலப் பயன்பாட்டை மட்டுமே எடைபோட முடியும். ஆனால் மூன்று நிமிடத்துக்காக வேலையை விட்டு வந்தவருக்கு, தாம் பேசியதில் பெரும்பகுதி கேட்கப்பட்ட இடத்திலேயே கைவிடப்பட்டது என்றுதான் அது பொருள்படும்.

வரம்புக்கு அப்பாற்பட்ட அந்தக் கோரிக்கைகள் வாக்குறுதிகளாக வேறிடத்தில் எழுதப்படுகின்றன, அவற்றின் கதி வேறு. புரூக்ளினின் கிரீன்பாயிண்ட், வில்லியம்ஸ்பர்க் வட்டாரத்தார் சாசனம் தரும் உரிமையின்படி தங்கள் ஆற்றங்கரைக்குத் தாங்களே திட்டம் தீட்ட, ஆணையத்தைக் கடந்த அதை நகர மன்றம் 2002இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் இத்தகைய வட்டாரத் திட்டம் வழிகாட்டி மட்டுமே. 2005இல் நகரமே முன்வந்து அந்தக் கரையின் தொழில் மண்டலத்தைக் குடியிருப்பு மண்டலமாக்கியபோது, வட்டாரத்தார் எண்ணியதைவிட மிக உயர்ந்த கோபுரங்களுக்கு வழி பிறந்தது. ஈடாக 28 ஏக்கர் புஷ்விக் இன்லெட் பூங்கா வாக்களிக்கப்பட்டது. கோபுரங்கள் எழுந்து குடியேற்றமும் நடந்த பிறகு, பூங்காவுக்கான கடைசிப் பெரிய மனையை 16 கோடி டாலருக்கு வாங்க நகரம் உடன்பட்டது 2016இல்தான். உயரத்துக்குக் கொடுத்த அனுமதி அன்றே சட்டமானது, பூங்காவுக்குக் கொடுத்த சொல்லுக்கோ சாசனத்தில் எந்தக் கெடுவும் இல்லை.

மன்றத்தில் ஒருவரின் கை

1990க்கு முன், ஆணையத்தின் முடிவைத் தாண்டிய இறுதி அதிகாரம் மதிப்பீட்டு வாரியம் என்ற அமைப்பிடம் இருந்தது. அதில் ஐந்து பரோ தலைவர்களுக்கும் சம வாக்கு. ஏறத்தாழ 22 லட்சம் மக்கள் வாழ்ந்த புரூக்ளினுக்கும் மூன்றரை லட்சம் பேர் வாழ்ந்த ஸ்டேட்டன் தீவுக்கும் ஒரே எடை என்பது ஒரு நபருக்கு ஒரு வாக்கு என்ற நெறிக்கு முரண் என்று 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கவே, அந்த வாரியம் கலைக்கப்பட்டு, அதிகாரம் 51 உறுப்பினர்களாக விரிவாக்கப்பட்ட நகர மன்றத்துக்கு வந்தது. ஆணையம் ஒப்புதல் அளித்தவற்றை மன்றம் 50 நாளுக்குள் ஏற்கலாம், திருத்தலாம், தள்ளலாம். திருத்தினால் அது முன்பு பரிசீலிக்கப்பட்டதன் எல்லைக்குள் அடங்குகிறதா என்று பார்க்க ஆணையத்துக்கு 15 நாள். அறுபது, முப்பது, அறுபது, ஐம்பது என்று கூட்டினால் 200 நாள், ஏறத்தாழ ஏழு மாதம். கெடு முடிந்தும் வாய் திறக்காத சமூக வாரியத்துக்காக விண்ணப்பம் காத்திருப்பதில்லை. கோப்பை ஓரமாக வைத்து ஒருவரை அலைக்கழிக்கும் வழி இங்கே அடைபட்டிருக்கிறது.

ஆனால் மன்றத்தில் எழுதப்படாத ஒரு வழக்கம் வேரூன்றியது. எந்தத் தொகுதியில் மனை இருக்கிறதோ அந்தத் தொகுதி உறுப்பினர் எப்படி வாக்களிக்கிறாரோ அப்படியே மற்றவர்களும் வாக்களிப்பார்கள். 2021இல் மன்ஹாட்டனின் கிழக்குப் பகுதியில் ரத்த மையம் ஒன்றின் புதிய ஆய்வுக் கட்டிடத்துக்கு, தொகுதி உறுப்பினரின் எதிர்ப்பை மீறி மன்றம் ஒப்புதல் கொடுத்தபோது, 2009க்குப் பிறகு அவ்வாறு நடப்பது அதுவே முதல் முறை. இந்த வழக்கத்தை வெறும் தன்னலம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஆணையம் ‘வரம்புக்கு அப்பாற்பட்டது’ என்று கைவிட்ட கோரிக்கைகளை, வாக்கை முன்னிறுத்திப் பேரம் பேசிப் பெற்றுத்தரக் கூடியவர் அந்த ஒருவரே.

அதே கை எவ்வளவு இழக்கவும் கூடும் என்பதை ஹார்லெமின் 145ஆம் தெரு, லெனாக்ஸ் அவென்யூ சந்திப்பு காட்டியது. அங்கே சுமார் 900 வீடுகள் கொண்ட கோபுரங்களுக்கான விண்ணப்பம் ஆணையத்தைக் கடந்து மன்றத்தை அடைந்தது. குறைந்த வாடகை என்று ஒதுக்கப்படும் வீடுகளும் ஹார்லெம் குடும்பங்களுக்கு எட்டாதவை என்று தொகுதி உறுப்பினர் எதிர்த்தார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது: வாடகை வரம்பு கணிக்கப்படும் ‘பகுதியின் இடைநிலை வருமானம்’ என்பது அந்தத் தெருவின் வருமானமன்று, நகரத்தையும் அதை அடுத்த செல்வந்தப் புறநகரையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு, அந்த அளவில் 60 அல்லது 80 விழுக்காடு என்பது அத்தெருவில் பலருக்கும் கைக்கெட்டாத தொகை. 2022 மே மாதம் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. 2023 தொடக்கத்தில் அதே மனையில் லாரி நிறுத்தம் திறக்கப்பட்டது. பழைய வகைப்பாட்டின்படி அதற்கு எவருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. ஆஸ்துமாவால் ஏற்கெனவே துன்புறும் வட்டாரத்தின் நடுவே டீசல் புகை வந்து சேர்ந்தது. மாற்றியமைக்கப்பட்ட திட்டம், ஏறத்தாழ ஆயிரம் வீடுகளோடு, 2025இல் வேறோர் உறுப்பினரின் காலத்தில் மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் எவருக்கும் ஒரு வீடும் கிடைக்கவில்லை.

2025 நவம்பரில் நியூயார்க் வாக்காளர்கள் ஏற்ற சாசனத் திருத்தங்கள் இந்த இடத்தில்தான் கைவைத்தன. சிறிய வகைமாற்றங்களுக்கு, சமூக வாரியமும் பரோ தலைவரும் ஒரே 60 நாளில் கருத்துச் சொல்ல, ஆணையம் அடுத்த 30 நாளில் முடிவெடுக்கும் விரைவு வழி உருவானது. குறைந்த வாடகை வீடுகளை மிகக் குறைவாகக் கட்டியிருக்கும் 12 வட்டாரங்களில் அத்தகைய திட்டங்களுக்கும் விரைவுப் பாதை கிடைத்தது. மன்றம் மறுக்கும் குறைந்த வாடகை வீட்டுத் திட்டத்தை மேயர், மன்றத் தலைவர், சம்பந்தப்பட்ட பரோ தலைவர் ஆகிய மூவரில் இருவர் சேர்ந்து மீட்டெடுக்க ஒரு மேல்முறையீட்டு வாரியமும் அமைகிறது. வீடு போதாமல் தவிக்கும் நகரத்துக்கு இம்மாற்றங்கள் தேவையானவையே; தன் பங்குக்கு ஒரு வீடும் ஏற்காத செல்வந்த வட்டாரம் இனி ஒரே உறுப்பினரின் கையை நம்பித் தப்ப முடியாது. ஆனால் ஹார்லெம் போன்ற ஏழை வட்டாரங்களுக்குப் பேரம் பேசக் கிடைத்த கருவியும் அதே கைதான் என்பதால், அதன் வலு குறையும்போது அவர்களின் குரலுக்கு வேறோர் இடம் திறந்தாக வேண்டும்.

அந்த இடம் ஏற்புச் சான்றுக்கு முந்தைய கட்டம். 2019இன் சாசனத் திருத்தம் அங்கே ஒரு சிறு வாசலைத் திறந்தது: சான்று வழங்குவதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன் திட்டத்தின் சுருக்கத்தைத் துறை சமூக வாரியத்துக்கும் பரோ தலைவருக்கும் அனுப்பி, பொதுமக்கள் பார்வைக்கும் வைக்க வேண்டும். சுருக்கம் போதாது. முதல் வரைவு எப்படி இருந்தது, துறை எந்த மாற்றங்களைக் கேட்டது, விண்ணப்பதாரர் எவற்றை ஏற்றார், எவற்றை மறுத்தார் என்பவையெல்லாம் அவ்வப்போது வெளியிடப்பட்டால், 60 நாள் கெடுவோடு மாலைக் கூட்டத்தில் அமரும் அந்த ஐம்பது பேர், முடிந்துபோன பேரத்தின் விளைவை மட்டும் பார்ப்பதற்குப் பதிலாக, உயரமும் வாடகையும் இன்னும் எழுதப்படாத நிலையில் தங்கள் கணக்கை முன்வைக்க முடியும்.